நெத்தோலிக் கூடைக்குள் எத்தனை மீன்: குளச்சல் முதல் விழிஞ்ஞம் வரை இனம் பிரிக்கும் முறை

குளச்சலில் நெத்திலி. தூத்தூர், நீரோடிப் பக்கம் போகும்போதே நெத்தோலி ஆகிவிடும். எல்லை தாண்டிப் பொழியூர், பூவார், விழிஞ்ஞம் என்று போனால் கொழுவா என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். மூன்று பெயரும் ஒரு மீனின் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். கரமடி வலையிலோ தட்டுமடி வலையிலோ ஏறிய ஒரு கூடையைக் கொட்டிப் பரப்பிப் பார்த்தால் மூன்று நான்கு இனங்கள் கலந்து கிடக்கும். சில நாள் சாளைக் குஞ்சும் பொருவாக் குஞ்சும்கூட அதில் இருக்கும்.

வீட்டில் குழம்பு வைப்பவருக்கு இந்தக் கலப்பால் பெரிய நட்டமில்லை. கருவாடு தரம் பிரிப்பவருக்கும், மீன்வளம் படிக்கும் மாணவருக்கும், துறையில் நின்று பிடிப்புக் கணக்கு எழுதுபவருக்கும் இனம் தெரிந்தே ஆகவேண்டும். ஒவ்வொரு இனமும் வளரும் அளவு வேறு, நடமாடும் ஆழம் வேறு. எல்லாவற்றையும் ‘நெத்திலி’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், எது குறைந்தது, எது கூடியது என்று பின்னால் யாராலும் சொல்லமுடியாது.

நிறத்தையும் அளவையும் வைத்து நெத்தோலியைப் பிரிக்கக்கூடாது. ‘வெளுத்தது ஒரு சாதி, கறுத்தது ஒரு சாதி’ என்ற பேச்சு சந்தையில் உண்டு. பிடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, ஐஸ் பட்டதா, வெயில் பட்டதா என்பதைப் பொறுத்து ஒரே மீன் கண்ணாடி போலவும் இருக்கும், சாம்பலாகவும் இருக்கும். அளவும் அப்படித்தான், ஓர் இனத்தின் பெரியதும் இன்னோர் இனத்தின் சிறியதும் ஒரே நீளத்தில் வந்து நிற்கும். நம்பத்தக்க இடங்கள் நான்கு: வயிற்று முள், மலவாய்த் துடுப்பு தொடங்கும் இடம், மேல்தாடை எலும்பு முடியும் இடம், தலையிலும் முதுகிலும் உள்ள கறும்புள்ளிகள். இந்த வரிசையிலேயே பாருங்கள். புள்ளியில் ஆரம்பித்தால் பாதி வழியில் குழம்பிப்போகும்.

கையில் என்ன வேண்டும்

வெள்ளைத் தட்டு ஒன்று, கறுப்புத் தட்டு ஒன்று. துடுப்பும் விலாவில் ஓடும் வெள்ளிப் பட்டையும் கறுப்புத் தட்டில் தெளியும், கரும்புள்ளி வெள்ளைத் தட்டில் தெளியும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், இரண்டு குண்டூசி, மில்லிமீட்டர் போட்ட ஸ்கேல், பென்சில். தட்டில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு மீனை அதற்குள் வைத்துப் பாருங்கள். நெத்தோலியின் துடுப்பு வெறும் ஈரத்தில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீருக்குள் தானே விரியும். காற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘துடுப்பே தெரியவில்லை’ என்று மீனைத் தூரப் போடுகிறவர்கள் நிறைய.

மீன் எடுக்கும்போது கூடையின் மேலாக அள்ளக்கூடாது. மேலே பெரிது, அடியில் பொடி என்று அடுக்கியிருப்பார்கள். மேலிருந்து ஒரு கை, நடுவிலிருந்து ஒரு கை, அடியிலிருந்து ஒரு கை எடுத்துக் கலந்து அரைக் கிலோ ஆக்குங்கள். அதிலேயே நூறு மீனுக்கு மேல் இருக்கும்.

எடுத்ததை உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுவிடவேண்டும். இதில் அலட்சியம் ஆகாது. வயிறு நிறைய இரை தின்ற நெத்தோலி செத்த சில மணி நேரத்தில், அதன் குடலில் உள்ள செரிமான நீரே வயிற்றுச் சுவரைக் கரைத்துவிடும். வயிறு வெடித்த மீனில் முள் எண்ணமுடியாது, முதல் அடையாளமே போய்விட்டது என்று அர்த்தம். மணலில் புரண்ட மீனும் தொல்லைதான். ஒட்டிய மணல்துகள் விரலுக்கு முள் போலவே தட்டும். நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். செதிள் தொட்டால் உதிரும் மீன் இது. அதனால்தான் இந்த முறையில் செதிள் எண்ணிக்கையை எங்குமே கேட்கவில்லை.

முதலில்: இது நெத்தோலிக் குடும்பம்தானா

மீனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து முகத்தைப் பாருங்கள். நெத்தோலிக் குடும்பத்தில் மூக்கு கீழ்த்தாடையைத் தாண்டி முன்னால் துருத்தி நிற்கும். கீழ்த்தாடை உள்வாங்கி, மூக்குக்கு அடியில் செருகினாற்போல் இருக்கும். நுனி விரலால் கீழ்த்தாடையை அழுத்தினால் வாய் கண்ணுக்கும் பின்னால் வரை பிளக்கும். சாளைக் குஞ்சுக்கு வாய் முகத்தின் முனையில் இருக்கும், சிறிய வாய், இவ்வளவு பிளக்காது. தொண்டன் மீன் நெத்தோலி போலவே உருண்டு நீண்டிருக்கும், அதற்கும் வாய் முனையில்தான், வயிற்றில் முள் கிடையாது.

வெள்ளிப் பட்டையை மட்டும் பார்த்து ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. கரையோரம் கூட்டமாய் அலையும் ஒருவகைப் பொடிமீனுக்கும் விலாவில் அதே பட்டை ஓடும். அதற்கு முதுகில் இரண்டு துடுப்பு, முன்னது சிறியது, பின்னது பெரியது. நெத்தோலிக்கு முதுகுத் துடுப்பு எப்போதும் ஒன்றுதான், நடு உடம்பில். தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டாவது துடுப்பு தப்பாது.

வயிற்றைத் தடவிப் பார்ப்பது

மீனை மல்லாத்திப் பிடியுங்கள். ஆள்காட்டி விரல் நுனியை வால் பக்கமிருந்து தலைப் பக்கமாக வயிற்றின் நடுக்கோட்டில் மெல்ல இழுங்கள். முள்ளின் நுனி பின்னோக்கி இருப்பதால் இந்தத் திசையில்தான் அது தடுக்கும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கிக்கொண்டு போய்விடும், ‘முள் இல்லை’ என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

வயிறு முழுவதும், இடுப்புத் துடுப்புக்கு முன்னும் பின்னும், ரம்பம் போலத் தடுத்தால் அது பொருவா. அறிவியல் பெயர் திரிஸ்ஸா. மலையாளத்தில் மணங்ஙு. உடம்பு பக்கவாட்டில் தட்டையாக, வயிறு கத்தி விளிம்பு போல இருக்கும். மலவாய்த் துடுப்பும் நீளம், முப்பது கதிருக்கு மேல் போகும்.

மார்புத் துடுப்புக்கும் இடுப்புத் துடுப்புக்கும் இடையில் மட்டும் சில ஊசி முட்கள் தட்டி, இடுப்புத் துடுப்புக்குப் பின்னால் வயிறு மழமழவென்று இருந்தால் அது உண்மையான நெத்தோலி. முட்கள் அதிகமில்லை, பெரும்பாலும் ஏழுக்குள் அடங்கும். சில மீனில் இரண்டு மூன்றுதான், ஸ்டோலிஃபோரஸ் கொம்மர்சோனி என்ற இனத்தில் ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். விரலுக்குத் தெரியாவிட்டால் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து விட்டு லென்ஸில் பாருங்கள், சிறு நிழல் விழும். எண்ணும்போது குண்டூசி முனையை ஒவ்வொரு முள்ளுக்கும் பின்னால் வைத்துத் தூக்கி எண்ணவேண்டும், கண்ணால் மட்டும் எண்ணினால் ஒன்றிரண்டு விட்டுப்போகும்.

சமையலறையிலும் இந்தப் பிரிவுக்கு வேலை உண்டு. தேங்காயும் மாங்காயும் குடம்புளியும் போட்டு வற்றவைக்கும் பீரைக்கு நெத்தோலிதான் ஏற்றது, முள்ளோடு கரைந்துவிடும். பொருவாவுக்கு முள் அதிகம். இரு பக்கமும் நெருக்கமாகக் கீறி நன்றாக மொறுமொறுவென்று பொரித்தால்தான் தின்னமுடியும்.

ஊசி வைத்துப் பார்க்கும் சோதனை

உண்மையான நெத்தோலியில் நம் கரையில் இரண்டு பேரினம்: ஸ்டோலிஃபோரஸ், என்கிராசிகோலினா. பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1980-களுக்கு முன்பு எழுதியவற்றில் இரண்டுமே ஸ்டோலிஃபோரஸ் என்ற ஒரே பெயரில்தான் இருக்கும். ‘ஸ்டோலிஃபோரஸ் டெவிசி’ என்று அங்கே இருப்பது இப்போதைய என்கிராசிகோலினாவில் அடங்கியது.

இரண்டையும் பிரிக்க மீனை நேராகப் படுக்கவையுங்கள். வளைந்து விறைத்த மீனை இதற்கு எடுக்கக்கூடாது, வளைவில் துடுப்புகளின் இடம் தள்ளிப்போனது போலத் தெரியும். முதுகுத் துடுப்பின் கடைசிக் கதிர் உடம்பில் முளைக்கும் இடத்தில் ஒரு குண்டூசியைச் செங்குத்தாக வைத்து அப்படியே வயிற்றுப் பக்கம் கோடு இழுங்கள். மலவாய்த் துடுப்பின் முதல் கதிர் அந்தக் கோட்டுக்கு முன்னால், அதாவது முதுகுத் துடுப்பின் அடிக்குக் கீழேயே தொடங்கினால் ஸ்டோலிஃபோரஸ். கோட்டைத் தாண்டிப் பின்னால் தொடங்கினால் என்கிராசிகோலினா.

அதிகம் பிழை வருவது இந்தச் சோதனையில்தான். காரணம் இரண்டு. ஒன்று, துடுப்பின் அடியைப் பார்க்காமல் நுனியைப் பார்ப்பது. முதுகுத் துடுப்பு மடங்கிப் பின்னால் படிந்திருக்கும்போது அதன் நுனி மலவாய்த் துடுப்பு தொடங்கும் இடத்தைத் தாண்டிக் கிடக்கும். அதை வைத்து முடிவுசெய்தால் எல்லா மீனும் ஸ்டோலிஃபோரஸ் ஆகிவிடும். இரண்டு, மலவாய்த் துடுப்பின் முதல் கதிரை விட்டுவிடுவது. முதல் கதிர்கள் மிகச் சிறியவை, கிளைக்காதவை, தோலோடு ஒட்டிக் கிடக்கும். ஊசியால் பின்னாலிருந்து நிமிர்த்திப் பார்த்த பிறகே ‘இங்கே தொடங்குகிறது’ என்று சொல்லவேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் தொண்டைக்குப் போங்கள். மீனை மல்லாத்தி இரு செவுள் மூடிகளையும் கட்டைவிரலால் விலக்கினால் நடுவில் கழுத்துத் தசை ஒரு குறுகிய பாலம் போல முன்னோக்கிப் போகும். ஸ்டோலிஃபோரஸில் அந்தத் தசை செவுள் சவ்வுகள் சேரும் விளிம்பு வரை முன்னால் எட்டும். என்கிராசிகோலினாவில் தசை முன்னதாகவே நின்றுவிடும், அதற்கு முன்னால் ஒரு சிறு சதைக் குமிழ் தனியாகத் தெரியும். லென்ஸ் இல்லாமல் இது கிட்டாது. ஆனால் துடுப்பு கிழிந்த மீனிலும் தலை மட்டும் மிஞ்சிய மீனிலும் உதவுவது இதுதான்.

மேல்தாடை எலும்பு எதுவரை போகிறது

வாயின் ஓரத்திலிருந்து கன்னத்தின்மேல் பின்னோக்கி ஓடும் மெல்லிய பட்டையான எலும்பே மேல்தாடை எலும்பு. அதன் கடைசி நுனி எங்கே நிற்கிறது, கூராக முடிகிறதா மொட்டையாக முடிகிறதா என்று பார்க்கவேண்டும். நுனி சளிப்படலத்துக்குள் மறைந்திருக்கும். ஊசியை எலும்புக்கு அடியில் நுழைத்து லேசாக நெம்பினால் வெளியே வரும்.

அளக்கும் குறியிடங்கள் முன்னிருந்து பின்னாக இப்படி வரும்: கண், கன்னத்தில் பிறை போல் வளைந்த முன்செவுள் எலும்பு, செவுள் மூடியின் வெளி ஓரம், மார்புத் துடுப்பின் அடி, மார்புத் துடுப்பின் நுனி, இடுப்புத் துடுப்பின் அடி. நெத்தோலிக்கு முதல் மூன்று இடம் போதும். பொருவாவுக்குத்தான் பின்னது எல்லாம் தேவை.

என்கிராசிகோலினாவில் எலும்பு குட்டையாக, நுனி மொட்டையாக, முன்செவுள் எலும்பை எட்டாமல் நின்றால் அது பங்டிஃபெர். நம் கடலில் ஆழக்கடல் வரை போகும் நெத்தோலி இதுதான். நுனி கூராக நீண்டு முன்செவுள் எலும்பைத் தொட்டால், நம் பட்டியல்களில் டெவிசி என்று எழுதிவந்த மீன். அண்மைய ஆய்வுகளில் டெவிசி என்ற பெயர் ஹெட்டிரோலோபா என்ற பழைய பெயரோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. பதிவு எழுதும்போது இனப்பெயரோடு ‘நுனி கூர், முன்செவுளைத் தொடுகிறது’ என்று அடையாளத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். பெயர் நாளை மாறினாலும் அந்த வரி மாறாது.

ஸ்டோலிஃபோரஸில் முன்செவுள் எலும்பின் பின் ஓரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இண்டிகஸில் தாடை எலும்பு முன்செவுள் எலும்பின் முன் ஓரத்தை எட்டும், அல்லது கொஞ்சம் தாண்டும், அதற்கு மேல் போகாது. முன்செவுளின் பின் ஓரம் உருண்டு புடைத்திருக்கும். நம் நெத்தோலிகளில் பெரிதாக வளர்வது இதுதான், 15 சென்டிமீட்டர் வரை போகும். கொம்மர்சோனியில் தாடை எலும்பு கூராக நீண்டு செவுள் மூடியின் ஓரத்தை நோக்கிப் போகும், முன்செவுளின் பின் ஓரம் உள்வாங்கி வளைந்திருக்கும். இவை இரண்டையும் பிரிக்க வேறெதையும் பார்க்கத் தேவையில்லை.

புள்ளியும் கோடும்

இப்போது வெள்ளைத் தட்டுக்கு மாற்றுங்கள். கண்ணுக்குக் கீழேயும் கீழ்த்தாடை நுனியிலும் மிளகுத்தூள் தூவியது போல கரும்புள்ளிகள் இருந்தால் அது ஸ்டோலிஃபோரஸ் வெய்ட்டை. பழைய கட்டுரைகளில் பட்டாவியென்சிஸ் என்று வருவதும் இதுவே. நம் தென்மேற்குக் கரைப் பிடிப்பில் அடிக்கடி தட்டுப்படும் இனம், முகத்தை ஒருமுறை பழகிவிட்டால் பிறகு லென்ஸ்கூட வேண்டாம்.

பிடரிக்குப் பின்னால் இரண்டு கருந்திட்டுகளும் அவற்றை அடுத்து ஒரு சோடிப் புள்ளியும் இருந்தால் கொம்மர்சோனி என்ற முடிவு உறுதிப்படும். இண்டிகஸின் முதுகில் தலைக்கும் முதுகுத் துடுப்புக்கும் இடையில் கருங்கோடு இருக்காது. வேறு சில ஸ்டோலிஃபோரஸ்களில் முதுகின் நடுவே இரட்டைக் கருங்கோடு ஓடும். பாகனென்சிஸ் போன்றவற்றில் முதுகுத் துடுப்புக்கு முன்னால் ஒரு குட்டி முள்ளும் இருக்கும். அதையும் விரலால் அல்ல, ஊசியால் தேடவேண்டும்.

புள்ளி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஐஸ் தண்ணீரில் அதிக நேரம் கிடந்த மீனில் செவுளிலிருந்து கசியும் இரத்தம் கன்னத்தில் கறை பிடிக்கும். கறை தோலின் மேல் பரவலாக, விளிம்பில்லாமல் இருக்கும். புள்ளி தோலுக்குள் தனித்தனி மணியாக, லென்ஸில் நட்சத்திரம் போல விரிந்து தெரியும். பஞ்சில் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் கறை மங்கும், புள்ளி மங்காது.

பொருவாக்களை மேலும் பிரிக்க

பொருவாவில் தாடை எலும்பு ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். இடுப்புத் துடுப்பின் அடி வரை அல்லது அதையும் தாண்டி ஒரு நூல் போல நீண்டிருந்தால் திரிஸ்ஸா செட்டிரோஸ்ட்ரிஸ், வேறு எந்த மீனோடும் குழம்பாது. மார்புத் துடுப்பின் அடியைத் தாண்டி நன்றாகப் பின்னால் போய், பிடரியில் சேணம் வைத்தது போல ஒரு கருமை இருந்தால் டஸ்ஸுமியரி. மார்புத் துடுப்பின் அடியை ஒட்டி முடிந்தால் மிஸ்டாக்ஸ். கிரேக்கத்தில் மிஸ்டாக்ஸ் என்றால் மீசை, அந்தத் தாடை எலும்பைப் பார்த்தால் பெயர் வைத்தவர் என்ன நினைத்தார் என்று புரியும். செவுள் மூடியின் ஓரத்தோடு நின்றால் ஹாமில்டோனி அல்லது மலபாரிகா.

நீண்ட தாடை நுனி வலையில் முறிந்துவிடுவது பொருவாவில் சகஜம். முறிந்த நுனி மட்டமாக, வெட்டியது போல இருக்கும். இயற்கையான நுனி சன்னமாகிக்கொண்டே போய்த் தோலில் கலக்கும். எப்போதும் இரண்டு பக்கமும் பாருங்கள், நீளமான பக்கத்தையே கணக்கில் எடுங்கள்.

ஹாமில்டோனியையும் மலபாரிகாவையும் பிரிக்கச் செவுளை வெட்டித்தான் ஆகவேண்டும். இடது செவுள் மூடியைத் தூக்கி, முதல் செவுள் வளைவைக் கத்தரியால் மேலும் கீழும் வெட்டி எடுத்துத் தண்ணீர் விட்ட தட்டில் விரியுங்கள். வளைவின் உள்பக்கம் சீப்புப்பல் போல நிற்பவற்றை எண்ணுங்கள். மடங்கும் மூலையில் உள்ள பல்லைக் கீழ்ப் பாதியோடு சேர்ப்பது வழக்கம். ஒருவர் சேர்த்து, இன்னொருவர் விட்டு எண்ணினால் கணக்கு ஒன்று தவறும். கீழ்ப் பாதியில் மலபாரிகாவுக்குப் பல் அதிகம், ஹாமில்டோனிக்குக் குறைவு. ஹாமில்டோனி 20 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், அதனால் கூடையில் பெரிதாகக் கிடக்கும் பொருவாவை முதலில் அதற்காகச் சோதியுங்கள். இந்தப் பொருவாக்கள் பலவற்றில் செவுள் திறப்பின் மேல்முனைக்குப் பின்னால் ஒரு கருநீலக் கறை இருக்கும். அது நரம்போடியது போன்ற கோடுகளாகத் தெரியும். பல இனங்களுக்குப் பொது என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுசெய்யக்கூடாது.

கிழக்கே ஆந்திர எல்லையில், பழவேற்காடு, அதற்கு வடக்கே என்று போகிறவர்களுக்கு வேறு முகங்களும் தட்டுப்படும். மார்புத் துடுப்பின் மேல்கதிர் நூலாக நீண்டு தொங்கினால் செட்டிபின்னா. உடம்பு வாலை நோக்கி எலி வால் போலக் குறுகி, மலவாய்த் துடுப்பு வால் துடுப்போடு சேர்ந்துவிட்டால் கோய்லியா. அங்கே தெலுங்கில் நெத்தள்ளு என்று விற்பதற்குள்ளும் இதே கலப்புதான். ஆந்திரக் கரையின் பெயரையே தாங்கிய ஸ்டோலிஃபோரஸ் ஆந்திராயென்சிஸ் 1966-இல் விவரிக்கப்பட்டது.

காய்ந்த நெத்தோலியில்

கருவாட்டில் நிறம், புள்ளி இரண்டையும் மறந்துவிடுங்கள். வெயிலில் கொழுப்பு மஞ்சளடித்து எல்லாம் ஒரே நிறமாகியிருக்கும். பத்து மீனை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் துடுப்பு நிமிரும், ஊசிச் சோதனை செய்யலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், தோல் சுருங்கித் துடுப்பின் அடி இழுத்துக்கொள்ளும். வயிற்று முள் காய்ந்த மீனில் பச்சை மீனைவிட நன்றாகவே தெரியும், தோல் வற்றி முள் மேலெழுந்து நிற்கும். ஆகவே பொருவாவா நெத்தோலியா என்பதை ஊறவைக்காமலே பார்த்துவிடலாம். தாடை எலும்பு மட்டும் பெரும்பாலும் நொறுங்கியிருக்கும். அதனால் கருவாட்டில் பேரினம் வரை சொல்லி நிறுத்துவதே நேர்மை. களியக்காவிளைச் சந்தையில் வாங்கிய கருவாட்டுக்கு இனப்பெயர் வரை எழுதிக் கொடுப்பவரிடம், எதை வைத்து முடிவுசெய்தீர்கள் என்று கேளுங்கள்.

பொடிக் குஞ்சுக்கும் இதே கட்டுப்பாடு. சுமார் நான்கு சென்டிமீட்டருக்குக் கீழே உடம்பு கண்ணாடியாக இருக்கும், முள் முற்றியிருக்காது, புள்ளி கூடியிருக்காது. துடுப்புகளின் இடமே வளர வளர உடம்பில் நகரும். இந்த அளவு மீனில் ஊசிச் சோதனை பொய் சொல்லும். ‘நெத்தோலிக் குஞ்சு’ என்று தனியாக எழுதி, எடையையும் எண்ணிக்கையையும் மட்டும் போடுங்கள்.

எடுத்துவைக்க, எழுதிவைக்க

சந்தேகம் தீராத மீனைத் தூக்கி எறியாதீர்கள். கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் போடுங்கள். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வெண்காரம் சேருங்கள். சேர்க்காவிட்டால் ஃபார்மலின் நாள்பட அமிலமாகி எலும்பிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும், ஊசி முள் மெழுகு போலாகிவிடும். ஃபார்மலினை வீட்டுக்குள் திறக்கவேண்டாம், கையுறை போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றலாம். மரபணுச் சோதனைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே ஒரு துடுப்புத் துண்டை அடர்த்தியான ஆல்கஹாலில் தனியாக வைத்துவிடவேண்டும். ஃபார்மலின் பட்ட சதையிலிருந்து மரபணு எடுப்பது பெரும்பாடு.

நீளம் அளக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரை அளந்து எழுதுங்கள். வால் நுனி வரை அளந்தால், வால் தேய்ந்த மீன் குட்டையாகிவிடும். எப்படி அளந்தீர்கள் என்பதையும் தாளின் மேலே குறியுங்கள், இரண்டு பேர் இரண்டு விதமாக அளந்த கணக்கைச் சேர்க்கமுடியாது.

பாட்டிலுக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதவேண்டும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். தேதி, துறை, வலையின் பெயர், பிடித்த ஆழம் தெரிந்தால் ஆழம், முள் எண்ணிக்கை, மலவாய்த் துடுப்பு கோட்டுக்கு முன்னா பின்னா, தாடை நுனி எங்கே நிற்கிறது. சீட்டைப் பாட்டிலின் வெளியே ஒட்டாமல் மீனோடு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டியது உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.